வெண்ணிறத் தாயும் ஐந்நிறக் கொடியும்

கேள்வி: வியட்நாமுக்குச் சென்று வந்த என் தம்பி, தா நாங் நகரில் எடுத்த புகைப்படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். கடலைப் பார்த்து நிற்கும் மிக உயரமான வெண்ணிறப் பெண் சிலை. அதன் கையில் ஒரு குடுவை. முன்னே சாம்பல் நிற அங்கி அணிந்த மூதாட்டி ஒருவர் ஊதுவத்தியை நெற்றிவரை உயர்த்தி வணங்குகிறார். சுற்றிலும் பலநிறப் பட்டைக் கொடிகள். பௌத்தக் கோயிலில் பெண் தெய்வம் உண்டா? அந்தக் கொடி எந்த நாட்டுடையது?

பதில்: படத்தில் இருப்பது சோன் திரா தீபகற்பத்திலுள்ள லின் உங் கோயிலின் சிலை. 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இதன் உயரம் 67 மீட்டர். வியட்நாமியர் குவான் அம் என்று அழைக்கும் இவர் தெய்வமல்லர். உலகத்தார் துயரக் குரலைக் கேட்டு உதவ வரும் போதிசத்துவர், அதாவது புத்தநிலையை நோக்கிச் செல்பவர். இந்தியாவில் ஆண் வடிவில் வணங்கப்பட்ட அவலோகிதேசுவரரே இவர். அகத்தியருக்குத் தமிழ் கற்பித்தவர் என்று வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூல் போற்றும் அவலோகிதனும் இவரே என்பதால், இந்தச் சிலை நமக்கு அன்னியமன்று. சீனத்தில் நூற்றாண்டுகளின் ஊடே அவ்வடிவம் பெண்மை பெற்றது. வியட்நாமிலோ அவர் தாயாகவே ஆகிவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிலையின் முடியில் சிறிய புத்தர் உருவம் தெரியும். அமிதாப புத்தரைக் குறிக்கும் அதுவே அவலோகிதேசுவரரை இனங்காட்டும் அடையாளம். குடுவையில் இருப்பது துயரைத் தணிக்கும் அமுத நீர் என்பது நம்பிக்கை. கடலில் சிக்கியவர் இவர் பெயரைச் சொன்னால் காக்கப்படுவர் என்று மகாயானப் பௌத்தப் பிரிவின் சூத்திரம் கூறுவதால், புயல்கள் அடிக்கடி தாக்கும் அந்தக் கரையில் இவர் கடல் நோக்கி நிற்பது மிகப் பொருத்தமானது.

அங்கியைக் கண்டு மூதாட்டியைத் துறவி என்று எண்ணிவிட வேண்டாம். கோயிலுக்கு வரும் இல்லறத்தாரும் அதை அணிவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் பலர் புலால் தவிர்த்து வழிபடுவர்.

கொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு ஆகிய ஐந்நிறமும் கொண்ட அது எந்த நாட்டுக்கும் உரியதன்று. 1885இல் கொழும்பில் முதலில் ஏற்றப்பட்டு, 1950இல் உலகப் பௌத்தர்களின் பொதுக் கொடியாக ஏற்கப்பட்டது. வியட்நாமில் அதற்காக உயிர்கள் பலியாகியிருக்கின்றன. 1963 மே மாதம், கத்தோலிக்கரான தென் வியட்நாம் அதிபர் நோ தின் சியெமின் ஆட்சியில், ஹுவே நகரில் புத்தர் பிறந்தநாளான வெசாக் விழாவின்போது இக்கொடியைப் பறக்கவிடத் தடை விதிக்கப்பட்டது. சில நாள்களுக்கு முன்புதான் அதே நகரில் கத்தோலிக்கக் கொடிகள் பறந்திருந்ததால் மக்களின் கோபம் பெருகியது. மே 8 அன்று வானொலி நிலையத்தின் முன் திரண்ட கூட்டத்தில் பலர் உயிரிழந்தனர். அடக்குமுறையை எதிர்த்து, ஜூன் 11 அன்று சைகோன் சாலைச் சந்திப்பில் துறவி திக் குவாங் தக் தம்மைத் தாமே தீக்கிரையாக்கிக்கொண்டார். அவரை அங்கு ஏற்றிச் சென்ற காரை ஹுவேயின் தியென் மு கோயிலில் இன்றும் காணலாம். நவம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது.

இப்போது அக்கொடி கோயில்தோறும் தடையின்றிப் பறக்கிறது. அவற்றினிடையே சிவப்பில் மஞ்சள் விண்மீன் பொறித்த கொடி ஏதேனும் தெரிந்தால், அதுதான் வியட்நாமின் தேசியக் கொடி.