மூக்குப் பக்கம் வளரும் சதை, கண்புரையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. குளச்சலிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து கருப்பில் ஏறிவிட்டது. புரை என்கிறார்கள் சிலர். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து விட்டால் சிவப்பு போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஆபரேஷன் செய்தாலும் மறுபடி வளருமாமே?

பதில்: இது புரை இல்லை, சகோதரி. புரை என்பது கண்மணிக்கு, அதாவது கருப்பின் நடுவிலுள்ள துளைக்கு, பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவது. அவருக்கு வளர்வது கண்ணின் மேற்பரப்பில். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஜவ்வு, ரத்தக் குழாய்களோடு முக்கோணமாகத் தடித்துக் கருவிழி மேல் ஏறுகிறது. சீட்டில் 'டெரிஜியம்' என்று எழுதுவோம்.

கருவிழி கறுப்பாகத் தெரிந்தாலும் அதற்கு நிறமே கிடையாது. பின்னாலுள்ள கதிராளி என்ற வண்ணத் திரையின் நிறத்தைத்தான் பார்க்கிறோம். 11–12 மி.மீ. அகலம், நடுவில் அரை மி.மீ. கனம். ரத்தக் குழாய் இல்லாததால்தான் தெளிவாக இருக்கிறது. கண்ணுக்குள் போகும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. இதன் விளிம்பைச் சுற்றியுள்ள மூலச்செல்கள் வேலி மாதிரி நின்று ஜவ்வை உள்ளே விடாமல் தடுக்கும். வருஷக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டு அவை கெட்டுப்போனால் ஜவ்வு ஏறிவிடும். காற்றும் உலர்வும் கண்ணை இன்னும் உறுத்தும்.

மூக்குப் பக்கமே ஏன்? காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தைக் கருவிழி வளைத்து, எதிர்ப்புறமான மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. தொப்பி உச்சி வெயிலைத் தடுக்கும். தண்ணீரில் பட்டு எதிரொளிப்பதை முழுவதும் தடுக்காது. ஆகவே பக்கவாட்டையும் மூடுகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 'யுவி 400' என்று குறித்த கண்ணாடி வேண்டும். வெறும் கறுப்பு நிறம் பாதுகாப்பாகாது.

அந்தச் சொட்டு மருந்துதான் எனக்குக் கவலை. குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பைக் குறைக்கும், சதையைக் கரைக்காது. வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியில்லாமலே ஏறி, பார்வை நரம்பு கெடும். போன பார்வை திரும்பாது. இல்லாத புரையும் அப்புறம் வரலாம். உறுத்தலுக்கு 0.5% கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு, நாளைக்கு நாலு தடவை போதும். திறந்து ஒரு மாதமானால் குப்பியைத் தூக்கிப் போடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

சதை சிறிதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனில் ஒரே தூரத்தில் படமெடுத்து ஒப்பிட்டால் போதும். கருவிழிக்குள் 2–3 மி.மீ. தாண்டினால் அது கருவிழியை இழுத்து வளைவை மாற்றும். எழுத்து நிழலடித்துத் தெரியும். கண்மணியை மூடும்வரை காத்திருந்தால், எடுத்த பிறகும் தழும்பு பார்வையை மறைக்கும்.

மறுபடி வளரும் என்பது பாதி உண்மை. வெறுமனே வெட்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும். அதே கண்ணின் மேலிமைக்கு அடியிலிருந்து கொஞ்சம் ஜவ்வெடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் வாய்ப்பு நன்றாகக் குறையும். 'ஒட்டு வைப்பீர்களா?' என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்வது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். ஆனால் ஒரு மாதமாவது கடல் தண்ணீரும் தூசியும் படக்கூடாது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், ஜூன் தொடக்கத்தில் செய்துகொள்வது வசதி.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். சதை சில வாரங்களில் வேகமாகப் பெருத்தாலோ, மேலே வெள்ளையாகச் சொரசொரப்பாகத் தெரிந்தாலோ தடைக்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள். அது வேறு கட்டியாக இருக்கலாம். போகும்போது அந்தச் சொட்டு மருந்துக் குப்பியையும் கொண்டுபோய், கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.