மேகத்துக்கு அடி ஏன் தட்டை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேலே போகப் போகச் சூரியனை நெருங்குகிறோம். வெப்பம் கூடத்தானே வேண்டும்? நீராவி எப்படிக் குளிர்ந்து மேகமாகிறது?

பதில்: சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. 2 கிலோமீட்டர் ஏறுவதால் அந்தத் தொலைவில் ஒன்றும் மாறாது. வெயில் முதலில் தரையைத்தான் சுட வைக்கிறது. தரை தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று லேசாகி எழும்பும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் எழும்பிய காற்று விரியும். விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். அதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா, அதற்கு நேர் எதிரானது இது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும்.

‘ஆவியாகி, மேலே போய், குளிர்ந்து’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நடுவில் இந்த விரிதலை விட்டுவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான், 10 டிகிரியில் 9 கிராம்தான். மிஞ்சியது துளியாகிவிடும்.

கேள்வி: பிற்பகலில் தெரியும் வெண்மேகங்களின் அடிப்பக்கம் வெட்டிவிட்டதுபோல ஒரே மட்டத்தில் இருக்கிறதே, ஏன்?

பதில்: அந்த மட்டத்தில்தான் ஏறும் காற்று பனிப்புள்ளியை எட்டுகிறது. பனிப்புள்ளி என்பது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. ஒரே நிலப்பரப்பிலிருந்து எழும் காற்றில் வெப்பமும் ஈரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், எல்லாம் ஒரே உயரத்தில் வெளுக்கின்றன. இதை நீங்களே கணக்கிடலாம். தரையில் உள்ள வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் என்று வரும். வெப்பநிலை 32, பனிப்புள்ளி 24 என்றால் 8 × 125 = 1,000 மீட்டர். வெயிலில் தரையிலிருந்து எழும் குவி மேகங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இழைபோல மிக உயரத்தில் படரும் கீற்று மேகங்களுக்குப் போட்டுப் பார்த்தால் தப்பாகவே வரும்.

தலைப்பக்கம் குமிழ் குமிழாகப் பொங்குவதற்குக் காரணம் வேறு. ஒரு கிராம் ஆவி நீராகும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பம் வெளியாகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. சுற்றியுள்ளதைவிடச் சூடாக இருக்கும் வரை ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: பாட்டிலுக்குள் மேகம் செய்யும் சோதனையைச் செய்தோம். கொதிநீர் ஊற்றினோம், பாட்டில் சுவர்தான் மங்கியது, மேகம் வரவில்லை. எங்கே தவறு?

பதில்: இரண்டு இடத்தில். ஒன்று, கொதிநீர் வேண்டாம்: பிளாஸ்டிக் நெளியும், சுவரில் ஆவி படிந்து உள்ளே எதுவும் தெரியாது. இரண்டாவது, நீங்கள் புகையைச் சொல்லவே இல்லை. புகை இல்லாமல் இந்தச் சோதனை வராது.

1 அல்லது 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் 3 தேக்கரண்டி விட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். தீக்குச்சியைக் கொளுத்தி அணையுங்கள் (இதைப் பெரியவர்கள் செய்யட்டும்). பாட்டிலை லேசாக அமுக்கிப் புகையும் குச்சியை வாயருகே பிடித்து, பிடியைத் தளர்த்தினால் புகை உள்ளே இழுபடும். சிறிது போதும். மூடியை இறுக்குங்கள். இரு கைகளாலும் பலமாக அமுக்கி, 5 விநாடி கழித்துச் சட்டென்று விடுங்கள். உள்ளே வெண்மை படரும். மறுபடி அமுக்கினால் மறையும். மெதுவாக விட்டால் வராது, ஏனென்றால் சுவரின் வெப்பம் உள்ளே வந்து குளிர்ச்சியை ஈடுகட்டிவிடும். பின்னால் கறுப்புத் துணி கட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும்.

புகை எதற்கு? ஆவி ஒட்டிக்கொள்ளத் துகள் வேண்டும். தூசி துளியும் இல்லாத காற்றில் துளி தானாகப் பிறக்க, ஈரப்பதம் சில நூறு சதவீதத்தைத் தாண்ட வேண்டும் (மேலே சொன்ன அதிகபட்ச அளவு நீராவி இருந்தால் அது 100 சதவீதம்). வானத்திலோ அது 101-ஐ எட்டுவதே அரிது. கடல் உப்பும் புகையும் மண் தூசியும்தான் அங்கே வேலையைச் செய்கின்றன. ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் எய்ட்கன் 1880 வாக்கில் பஞ்சில் வடிகட்டிய காற்றுக்குள் நீராவியைச் செலுத்தி இதைக் காட்டினார்: வடிகட்டாத காற்று மூடுபனியானது, வடிகட்டியது தெளிவாகவே இருந்தது.

கேள்வி: மேகம் நீர்தானே, ஏன் விழவில்லை?

பதில்: விழுகிறது, மிக மெதுவாக. மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர், விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். எழும்பும் காற்றின் வேகமோ விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். மேகத்தின் அடிக்குக் கீழே நழுவிய துளியும் ஆவியாகிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக, இத்தகைய துளிகள் பத்து லட்சம் சேர வேண்டும்.

கேள்வி: மூடுபனியும் மேகமும் ஒன்றா?

பதில்: துளிகள் ஒன்றுதான். காற்று ஏறி விரிந்து குளிர்ந்தால் மேகம். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் கிடக்கும் ஈரக்காற்றையும் குளிரவைத்தால் மூடுபனி. 1 கிலோமீட்டருக்கு அப்பால் பார்வை போகாவிட்டால்தான் வானிலையாளர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.