ஒரு லட்சம் ரூபாவுக்குப் புது டபுள் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கா, பழைய ஜப்பான் சைக்கிளா?

மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர் தன் ஊர் மட்டக்களப்பு என்று போட்டிருப்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். "கையில் ஒரு லட்சம் ரூபா இருக்கிறது, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த புது மவுண்டன் பைக் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன், அதை எடுக்கவா, பழையதை வாங்கிப் பாகங்களை மாற்றவா" என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூலையில் எனக்கும் இதே யோசனை வந்தது. நான் ஒருவரிடமும் கேட்காமல் புதியதை எடுத்தேன். 95,000 ரூபா போனது. அதோடு ஒருநாள் மைமல் நேரத்தில் யானை வரும் ரோட்டில் உடைந்த சைக்கிளோடு நிற்கவும் வேண்டி வந்தது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கும் என்று நினைக்கிறேன். பெற்றோல் விலையைப் பார்த்தோ, வயிறு தள்ளுவதைப் பார்த்தோ சைக்கிள் பக்கம் வருகிறீர்கள். அப்படியானால் நான் விட்ட பிழையை நீங்களும் விடப் பார்க்கிறீர்கள். மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பழகிய கண்ணால் சைக்கிளைப் பார்த்தால் கட்டாயம் ஏமாறுவோம்.

எனக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அப்பா விட்டுப்போன ஹோண்டா சி.டி. 125, இரட்டைச் சிலிண்டர், இன்றைக்கும் என்னிடம் நிற்கிறது. ரோட்டில் ஒரு எக்ஸ்.ஆர். 250 பாஹா, அந்த மண் ரோட்டு ஹோண்டா, போனால் அதன் இரண்டு பெரிய லைட்டையும் முன் சில்லைப் பிடிக்கும் நீளமான போர்க்கையும் திரும்பிப் பார்க்காமல் என்னால் நடக்க முடியாது. அதனால் பெற்றோல் வரிசை இரண்டு மூன்று நாள் நீண்ட அந்த ஜூலையில், சைக்கிள் கடையில் தடித்த போர்க்கும் நடுவில் சிவப்பு ஸ்பிரிங்கும் வைத்த ஒன்றைக் கண்டதும் மனம் அதில் விழுந்துவிட்டது. சின்னப் பாஹா மாதிரியே இருந்தது. கடைக்காரர் ஒன்றும் ஏமாற்றவில்லை, நானே காசை நீட்டினேன்.

எனக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. வீடு கல்லடியில். மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வெள்ளாமைக் காணி வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலத்தால் கடந்து போக வேண்டும். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். போய்வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். பாலம் வரைக்கும் நல்ல தார் ரோடு. கடைசிப் பகுதி கிரவல், அதற்கப்பால் வாய்க்கால் கட்டு, சில இடத்தில் சில்லு புதையும் மணல். மட்டக்களப்பில் மலை ஏது, மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு மாரி முடிந்தபிறகு அந்தப் பக்கம் வந்து பார்க்கட்டும்.

முதல் கிழமையிலேயே கால் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் பின் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும். நான் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றது. மோட்டார் சைக்கிளின் போர்க்கில் ஸ்பிரிங்கோடு எண்ணெயும் இருக்கிறது. அமுங்கின ஸ்பிரிங் துள்ளி எழும்பாமல் அந்த எண்ணெய்தான் பிடித்து மெதுவாக விடும். மலிவுச் சைக்கிளின் போர்க்கில் எண்ணெயே கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான், பள்ளத்தில் விழுந்தால் உங்களைத் திருப்பி எறியும். பாரத்தையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் நாலைந்து கிலோ கூடினால் என்ஜின் இழுக்கும், நமக்குத் தெரியாது. சைக்கிளில் அந்த நாலைந்து கிலோவையும் நம் தொடைதான் இழுக்கிறது.

இரண்டாம் மாதத்தில் போர்க்கின் பளபளத்த குழாயில் துருப் புள்ளி வந்தது. கடற்காற்று கல்லடியில் எதையும் விடாது. பின் ஷொக் பூட்டியிருந்த இடம் கடகடவென்று ஆடத் தொடங்கியது. டிஸ்க் பிரேக் தட்டை உரசி, எப்படித் திருகினாலும் சத்தம் நிற்கவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

செப்டெம்பரில் ஒருநாள் காணிக்குப் போய்த் திரும்ப நேரம் பிந்திவிட்டது. ஆறு மணி இருக்கும். ஒரு சின்ன மதகில் ஏறி இறங்கும்போது பின்னால் டக் என்று ஒரு சத்தம். சில்லு சரிந்து பிரேமில் முட்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின் அச்சு இரண்டாக முறிந்திருந்தது. பக்கத்தில் வீடு இல்லை. முந்தின கிழமை அந்த இடத்தில்தான் யானை வேலியை முறித்துக்கொண்டு போனது என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடவும் மனமில்லை, தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியவில்லை, அந்தப் பாரம். கால் மணித்தியாலம் கழித்து லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்த ஒரு ஐயா நிறுத்தினார். "இந்த நேரத்துல இஞ்ச நிக்கப்படா மனே, அதையும் தூக்கிப் பெட்டிக்குள்ள போட்டுட்டு ஏறு" என்றார். சந்திவரை கொண்டுவந்து விட்டார், காசு நீட்டியபோது வாங்கவில்லை.

ஏன் முறிந்தது என்பதை அடுத்த நாள் காத்தான்குடியில் சைக்கிள் திருத்தும் ஒரு காக்காதான் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டினார். "இது முறியத்தான் செய்யும் தம்பி, உங்கட பிழை இல்ல" என்று சொல்லிவிட்டு, சில்லின் நடுக் குடமான ஹப்பைக் கழற்றினார். அதில் இருந்தது பிறீவீல், அதாவது ஹப்பில் ஒரே துண்டாகத் திருகிப் பூட்டும் பல்லுத் தொகுதி. அந்த வகை ஹப்பில் வலப்பக்கப் பேரிங் பல்லுகளுக்கு உட்பக்கமாக, ஹப்பின் நடுவை நோக்கி இருக்கும். அங்கிருந்து பிரேம் வரைக்கும் அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பல்லுத் தட்டு ஏழு என்றால் அந்த நீளம் இன்னும் கூடும். என் நிறை 82 கிலோ. கிரவலில் ஒவ்வொரு குழியும் அந்த ஒரே இடத்தில்தான் அடித்திருக்கிறது. கசெட் என்ற மற்ற வகைப் பல்லுத் தொகுதி பூட்டும் ஹப்பில் வலப் பேரிங் பிரேமின் ஓரத்துக்கே வந்துவிடும், அச்சு வளைவது அபூர்வம்.

கடையில் நீங்களே இதைப் பார்க்கலாம். பின் சில்லின் பல்லுத் தொகுதியைக் கையால் பின்பக்கம் சுற்றுங்கள். நடுவில் சாவி பூட்டும் வெட்டு வளையமும் சேர்ந்து சுற்றினால் அது கசெட். பல்லு மட்டும் சுற்றி, வளையம் அசையாமல் நின்றால் பிறீவீல். நீங்கள் ஐம்பது கிலோ, தார் ரோட்டில் மட்டும் ஓடுபவர் என்றால் பிறீவீலும் போதும். நான் சொல்வது கிரவலுக்கு.

சரி, பிறகு நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் புதியதைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கல்முனைப் பக்கம் ஜப்பான் பழைய சைக்கிள் விற்கும் இடத்தில் மூன்று தரம் போய்த் தேடி ஒரு மியாட்டா எடுத்தேன். 26 அங்குலச் சில்லு, சஸ்பென்ஷன் எதுவும் இல்லை, முன் போர்க்கும் நேர் இரும்பு. 32,000 ரூபா. துப்பாக்கி செய்து தொழில் தொடங்கி, சைக்கிளுக்கு வந்து, அசாஹி என்ற பெயரில் மோட்டார் சைக்கிளும் செய்த கம்பனி அது. குழாய் வேலை அவர்களுக்குக் கைவந்தது. பெயின்ற் உரிந்து, பார்க்க ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. ஆனால் சீற் குழாயை உருவிப் பார்த்தேன், 26.8 மில்லிமீட்டர் என்று வெட்டியிருந்தது. இரும்புப் பிரேமில் இந்த எண் முக்கியம். பிரேம் குழாயின் வெளியளவு ஒன்றாக இருக்கும்போது, உள்ளே போகும் சீற் குழாய் பருத்திருந்தால் பிரேமின் சுவர் மெல்லியது, அதாவது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த நல்ல குரோமோலி இரும்பு என்று எடுக்கலாம். 25.4 என்றிருந்தால் தடித்த சாதாரண இரும்பு, பாரம் கூட.

காசை எங்கே போட்டேன் என்று கேட்டால், முதலில் பின் சில்லில். கசெட் ஹப், இரட்டைச் சுவர் ரிம், 36 புதுக் கம்பி, பின்னுகிற கூலி எல்லாமாக 17,000. காக்கா இரண்டு பின்னேரம் இருந்து கட்டினார். கம்பியை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார். பின் சில்லில் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக இருக்க வேண்டும், பல்லுத் தட்டுக்கு இடம்விட்டு ரிம்மை நடுவுக்கு இழுப்பதால். ஆகவே வலப்பக்கம் எல்லாம் ஒரே உயர்ந்த சத்தம், இடப்பக்கம் எல்லாம் ஒரே தாழ்ந்த சத்தம். ஒன்று பிசகினாலும் அவருக்குக் கேட்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பின்னேரமும் எனக்குச் சந்தோஷமான நேரம். மூன்று வருடத்துக்கு மேலாகிறது, அந்தச் சில்லில் ஒரு கம்பிகூட முறியவில்லை.

அப்புறம் 2.1 அங்குல டயர் இரண்டும் டியூப்பும் 9,000. கசெட்டும் செயினும் 6,500. ரிம்மைப் பிடிக்கும் வீ பிரேக்குக்குக் கட்டையும் கேபிளும் 3,500. கிறீஸ், பிடி, சில்லறை எல்லாம் 2,000. ஆக மொத்தம் 70,000. இது எனக்கு அந்த நேரம் வந்த கணக்கு, இன்றைக்கு விலை வேறாக இருக்கும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டியதை அந்தத் தடித்த டயர் செய்கிறது. காற்று மணலுக்கு 30 பி.எஸ்.ஐ., தார் ரோட்டுக்கு 45 வரை அடிப்பேன்.

செயின் விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். ஒரு அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஒரு ஆணியிலிருந்து, அதை எண்ணாமல், 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை ஓடினால் கசெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

இப்போது சிலர் வருவார்கள், சஸ்பென்ஷனும் டிஸ்க்கும் இல்லாததெல்லாம் மவுண்டன் பைக்கா என்று. கலிபோர்னியாவில் மரின் பகுதியில் 1976இல் ரீபாக் மலைப்பாதையில் இறங்கு ஓட்டம் தொடங்கியவர்கள் சஸ்பென்ஷன் இல்லாத பழைய தடித்த டயர்ச் சைக்கிளில்தான் இறங்கினார்கள். ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறிக் கிறீஸ் உருகிப் போகும், ஒவ்வொரு முறையும் திரும்ப அடைக்க வேண்டும், ரீபாக் என்ற பெயரே அதனால் வந்தது. சைக்கிளுக்குச் சஸ்பென்ஷன் போர்க் பரவலாக விற்பனைக்கு வந்தது 1990 வாக்கில்தான். நல்ல எயார் ஷொக் வைத்த சைக்கிளை நான் குறை சொல்லவில்லை. அது வேறு உலகம், பல லட்சம். ஒரு லட்சத்துக்குள் இரண்டு ஷொக் வைத்துத் தருகிறார்கள் என்றால் ஹப்பிலும் பேரிங்கிலும் குறைத்துத்தான் தருகிறார்கள். கடற்கரையில் இரும்புப் பிரேம் துருப்பிடிக்காதா என்றும் கேட்பார்கள். பிடிக்கும். வருடம் ஒருமுறை சீற் குழாயை உருவி உள்ளே என்ஜின் ஒயில் ஊற்றி உருட்டி விடுகிறேன். அலுமினியத்துக்கும் கிறீஸ் போடாவிட்டால் சீற் குழாய் உள்ளேயே இறுகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உங்களிடம் மிஞ்சும் காசில் லைட்டும் நல்ல பூட்டும் வாங்குங்கள். மற்றவர்களுக்குச் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. நான் சைக்கிளுக்கு மாறியதும் சி.டி. 125 சும்மாதானே நிற்கிறது என்று மனைவியின் தம்பி கேட்டு எடுத்தான். ஒரே வளவில் இருக்கிறோம், மாமி முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இரண்டு சைலென்சரையும் வெட்டி, சத்தத்துக்காகக் குழாய் வைத்திருந்தான். "அத்தான், இப்ப நல்லா கேக்குதுதானே" என்றான். அப்பா முப்பது வருடம் துடைத்து வைத்த சைலென்சர்கள் அவை. அந்த வண்டி பாலத்தில் வரும்போது அதன் மெல்லிய சத்தத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பா. நான் அன்று அவனோடு ஒரு சொல் பேசவில்லை, இன்றுவரை சரியாகப் பேசவும் முடியவில்லை.

வலப்பக்கத்துக்கு ஒன்று அக்கரைப்பற்றில் கிடைத்துவிட்டது. சி.டி. 125க்கு இடப்பக்க ஒரிஜினல் சைலென்சர், ஓட்டை விழாதது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுக்கிறேன்.