புகை நாட்களில் ஆஸ்துமா: கலிஃபோர்னியா இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

டேவிஸ் மாணவி: காட்டுத்தீப் புகை வந்தால் எந்த ஆப் பார்ப்பது, அக்கா?

ஏர்நவ், அமெரிக்க அரசின் காற்றுத்தர ஆப். அதிலுள்ள தீ-புகை வரைபடத்தில் சாம்பல் நிறமாகப் பரவிக் கிடப்பது செயற்கைக்கோள் கண்ட புகை. அது பல ஆயிரம் அடி உயரத்திலும் போய்க்கொண்டிருக்கலாம். தரைக்காற்றைச் சொல்பவை வண்ணப் புள்ளிகள்தான். ஏ.க்யூ.ஐ. (காற்றுத்தரக் குறியீடு; எண் கூடினால் காற்று மோசம்) 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டம், சைக்கிள் வேண்டாம். மூச்சுக்குழல் வீக்கத்தைத் தடுக்கும் தினசரி இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். அது முழுதாக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். புகை வந்த பிறகு ஆரம்பித்தால் அன்றைக்கு உதவாது.

ஃப்ரீமான்ட் தம்பி: பர்ப்பிள்ஏர் 190, ஏர்நவ் 130. எதை நம்ப?

பர்ப்பிள்ஏர், மக்கள் வீடுகளில் மாட்டும் சின்னக் காற்றுக் கருவி. அது லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளின் எடையைக் கணிக்கிறது. விறகுப் புகையில் அந்தக் கணக்கு கூடிப்போகும். அதன் வரைபட அமைப்பில் ‘யு.எஸ். ஈ.பி.ஏ.’ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள், எண் இறங்கும். மிச்ச வித்தியாசம் நேரத்தால் வருவது. பர்ப்பிள்ஏர் 10 நிமிட சராசரி. ஏர்நவ் கடந்த 12 மணி நேரம் வரை எடுத்து, காற்று வேகமாக மாறினால் கடைசி மணிகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் தருகிறது. காற்று திசை திரும்பிப் புகை சட்டென்று வந்தால் அது பின்தங்கும். நாளைத் திட்டமிட ஏர்நவ், இப்போது ஜன்னல் திறக்கலாமா என்பதற்குத் திருத்திய பர்ப்பிள்ஏர். ஒரே கருவியை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு பார்பெக்யூகூட அதை ஏற்றிவிடும்.

சாக்ரமென்டோ: எண்ணைக் குறைத்துக் காட்டத்தானே அரசு திருத்துகிறது?

இல்லை. இரண்டு வகைக் கருவிகளையும் அருகருகே வைத்து அளந்து கண்ட திருத்தம் அது. 2024இல் அதே ஈ.பி.ஏ., பி.எம். 2.5 எனும் நுண்துகளுக்கான ‘நல்லது’ வரம்பை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 12 மைக்ரோகிராமிலிருந்து 9க்கு இறக்கிக் கடுமையாக்கியது.

சாக்ரமென்டோ: அப்படியென்றால் எனக்கு ஏ.க்யூ.ஐ. 80லேயே ஏன் நெஞ்சு இறுகுகிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 100 பொதுவான கோடு, உங்கள் கோடு வேறாக இருக்கலாம். காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறீர்கள் என்று அளக்கும் கருவி) மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை ஏ.க்யூ.ஐ.யோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். உங்கள் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே எந்த ஏ.க்யூ.ஐ.யில் இறங்குகிறதோ, எச்சரிக்கை ஒலியை அதற்குச் சற்று முன்பே வையுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது அவசரம். தினசரி இன்ஹேலர் தவறிய நாட்களையும் குறியுங்கள்; புகை மேல் போடும் பழி பாதி அங்கே இருக்கும்.

சான் ஹோசே: எந்த ஆப் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

சன்னிவேல்: ஜன்னல் எல்லாம் மூடியும் வீட்டுக்குள் எண் ஏறுகிறதே?

தாளிப்பு, வறுவல், சாம்பிராணி, ஊதுபத்தி. மூடிய வீட்டில் துகள் போக வழியில்லை. அந்த நாட்களில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். உள்காற்றைச் சுத்தம் செய்ய, 20 அங்குலப் பெட்டி விசிறியோடு நான்கு மெர்வ் 13 (நுண்துகளைப் பிடிக்கும் தரம்) ஃபில்டர்களைச் சதுரமாக டேப் ஒட்டுங்கள். அடியில் அட்டை, மேலே விசிறி, காற்று மேல்நோக்கிப் போகட்டும். ஃபில்டரின் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும். இடுக்கு விட்டால் புகை அந்த வழியே நுழைந்துவிடும்.

ஓக்லண்ட்: துணி மாஸ்க் போதுமா?

போதாது. நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க், மூக்கோரம் இடைவெளியில்லாமல்.

சான் ஹோசே: அல்புடெரால் (உடனடி நிவாரண இன்ஹேலர்) எத்தனை பஃப் எடுக்கலாம்? ஆப் சொல்லுமா?

சொல்லாது, நானும் இங்கே சொல்லமாட்டேன். உங்கள் மருத்துவர் எழுதித் தரும் ஆஸ்துமா ஆக்‌ஷன் பிளானைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். அல்புடெரால் எடுத்த பிறகும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, அல்லது உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 911.