ஜெர்மனி முழுக்க சாசேஜும் உருளைக்கிழங்கும்தானா, இல்லை ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுமா? சைவம் சாப்பிடுபவர் அங்கே எப்படிச் சமாளிப்பது?

உருளைக்கிழங்கு என்றவரைக்கும் சரிதான். ஆனால் அதே கிழங்கை வைத்துத்தான் வடக்கும் தெற்கும் மல்லுக்கட்டுகின்றன. எனக்கு இது தெரியவந்தது, ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட்டோடு அலுவலகத்தில் அசடு வழிந்தபோது.

முதல் ஆறு வருடம் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். ஜெர்மனியின் தெற்கே, ஷ்வாபியா என்று சொல்லப்படும் பகுதி. மாடியில் நான், கீழே எழுபது தாண்டிய வீட்டுக்கார அம்மா. அந்த சாலட்டைச் செய்யக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வெந்தாலும் குழையாத ரகக் கிழங்கு வேண்டும். கடையில் பையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். தோலோடு வேகவைத்து, கை பொறுக்கிற சூட்டிலேயே உரித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவ வேண்டும். அதன் மேல் கொதிக்கிற சூப், வினிகர், கொஞ்சம் மஸ்டர்ட், பொடியாக நறுக்கிய வெங்காயம். எண்ணெய் கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் அது கிழங்கின் மேல் படிந்துகொண்டு சூப்பை உள்ளே விடாது. எல்லாம் போட்டுக் கிளறும்போது சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வர வேண்டும். 'ஷ்மாட்ஸன்' என்பார்கள். அந்த அம்மா குனிந்து காதைக் கிண்ணத்துக்கு அருகே கொண்டுபோவார். சத்தம் வரவில்லையா, இன்னொரு கரண்டி சூப்.

அப்புறம் வேலை வடக்கே ஹாம்பர்க்குக்கு மாறியது. டிசம்பரில் அலுவலகத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து. நான் இந்த சாலட்டைப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மயோனைஸ் தீர்ந்துபோச்சா?" என்றார். கேலிகூட இல்லை, நிஜமான அனுதாபம். வடக்கே இந்த சாலட் என்றால் மயோனைஸ், ஊறுகாய் வெள்ளரி, அவித்த முட்டை எல்லாம் சேர்ந்து வெள்ளையாக இருக்கும். டிசம்பர் 24 இரவு ஜெர்மனியில் ஏராளமான வீடுகளில் சாப்பாடே சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான். வடக்கத்திப் பெண்ணைக் கட்டிய தெற்கத்தி நண்பர் வீட்டில் அன்றைக்கு இரண்டு கிண்ணம் இருக்கும். இருபது வருடமாக யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் இப்படி? 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. சிற்றரசர்கள், பிஷப்கள் ஆண்ட ஊர்கள், தன்னாட்சி நகரங்கள் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. மண்ணும் வேறு வேறு. வடக்கே குளிர்ந்த மணல் நிலத்தில் ரை என்ற தானியம் நன்றாக விளையும், அதனால் கறுத்த கனத்த ரொட்டி. தெற்கே கோதுமையும் அதன் பழைய பங்காளியான ஸ்பெல்ட்டும். அதனால்தான் ஷ்வாபியர்கள் மாவுப் பண்டம் என்றால் உயிரை விடுவார்கள். ஷ்பெட்ஸ்லெ என்று ஒன்று: முட்டை நிறையப் போட்ட தளர்ந்த மாவை ஒரு பலகையில் பரப்பி, கத்தியால் இழை இழையாகக் கொதிக்கும் நீரில் சீவித் தள்ள வேண்டும். எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. பிழிவதற்கு அவர்களிடமே ஒரு கருவி உண்டு, பலகையில் சீவுகிறவர்கள் அதைக் கொஞ்சம் மட்டமாகத்தான் பார்ப்பார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன இடியாப்ப அச்சில் பிழிந்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே போதும்.

ஷ்பெட்ஸ்லெக்கு ஜோடி பருப்புதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வினிகர் விட்டுப் புளிப்பாகச் சமைத்த முழுப் பயறும் (நம் மைசூர்ப் பருப்பின் இனம்) ஷ்பெட்ஸ்லெயும், கூட ஒரு சாசேஜும் அங்கே வீட்டுச் சாப்பாடு. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஷ்வாபிய ஆல்ப் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம் இருக்கிறது. கல்லும் மண்ணுமான வறண்ட வயல். அதில் விளைந்த பயறு அது. செடி தானாக நிற்காது என்பதால் பார்லி அல்லது ஓட்ஸோடு கலந்து விதைத்து, அதைப் பற்றிக்கொண்டு ஏற விடுவார்கள். அறுத்த பிறகு இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். இந்தப் பாடு யாருக்குக் கட்டுப்படியாகும்? போருக்குப் பிறகு சாகுபடி நின்று, விதையும் காணாமல் போனது. 1980களில் வோல்டெமார் மாமெல் என்ற விவசாயி பிரெஞ்சு விதையை வைத்து மறுபடி பயிரிடத் தொடங்கினார். பழைய உள்ளூர் ரகங்கள் 2006-ல் கிடைத்தன. எங்கே என்றால் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் நிறுவனத்தின் விதை வங்கியில்! அங்கிருந்து வந்த சொற்ப விதையைப் பெருக்கி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது 'ஆல்ப்-லைஸா' என்ற பெயரில் விற்கிறார்கள். சாதாரணப் பயறைவிட விலை அதிகம், ஆனால் வெந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கிற அந்தப் பதத்துக்குக் கொடுக்கலாம்.

மௌல்தாஷன் கதையும் இதே ஊர்தான். மாவுத் தாளுக்குள் இறைச்சி, பசலைக்கீரை, ரொட்டித்தூள் வைத்து மடித்துச் சூப்பில் வேகவைப்பது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாளில் மௌல்ப்ரோன் மடத்துத் துறவிகள் இறைச்சியை மாவுக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு செவிவழிக் கதை. அதனால் அதற்கு ஊர்மொழியில் 'ஆண்டவனை ஏமாற்றும் குட்டிகள்' என்று பட்டப்பெயர். இன்றைக்கும் பெரிய வெள்ளியை ஒட்டி மௌல்தாஷன் செய்யாத வீடு அங்கே குறைவு.

மியூனிக் இருக்கும் பவேரியாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளை சாசேஜை மதிய மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இனிப்பு மஸ்டர்ட் தொட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவு போதும். வெளிநாட்டுக்காரர்கள் மியூனிக்கைப் பார்த்துவிட்டு அதுதான் ஜெர்மனி என்று நினைப்பதில் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தீராத கடுப்பு. சாசேஜே ஒன்றில்லை. நியூரம்பர்க்கில் விரல் நீளம், 7 முதல் 9 சென்டிமீட்டர்தான். துரிங்கியாவில் கரி அடுப்பில் சுட்ட நீளமான ஒன்று.

பெயர்க் குழப்பம் தனி ரகளை. ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைக்குப் பல ஊர்களில் 'பெர்லினர்' என்று பெயர். பெர்லினில் போய் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். அங்கே அது 'ஃபன்குஹன்'. மற்ற ஊர்களில் ஃபன்குஹன் என்றால் தட்டையான பான்கேக். கிழக்கே வளர்ந்தவரும் மேற்கே வளர்ந்தவரும் 'யேகர்ஷ்னிட்ஸல்' என்று ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். மேற்கே அது காளான் குழம்பு ஊற்றிய இறைச்சித் துண்டு. பழைய கிழக்கு ஜெர்மனியில் பருமனான சாசேஜை வில்லை போட்டு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளிக் குழம்பும் நூடுல்ஸுமாகப் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலை கேன்டீனிலும் போட்டது.

கொலோன் நகரத்தில் 'ஹால்வர் ஹான்' என்று மெனுவில் பார்த்து இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அரைக் கோழி என்றுதானே பொருள், நமக்கெதற்கு என்று. மூன்றாவது தடவை நண்பர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொடுத்தார். ரை பன், தடிமனாக ஒரு துண்டு கவுடா சீஸ், வெங்காயம், மஸ்டர்ட். கோழியின் நிழல்கூட அதில் கிடையாது!

டச்சு எல்லையோரம் கிழக்கு ஃப்ரீசியாவுக்குப் போனால் ஜெர்மனியின் காபி சாம்ராஜ்யமே முடிந்துவிடும். அங்கே எல்லாம் டீ, ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர். பெரும்பாலும் அசாம் தேயிலை. கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டு, அதன் மேல் சூடான டீ. கற்கண்டு படபடவென்று வெடிக்கும். பிறகு ஓரமாகச் சின்னக் கரண்டியால் க்ரீமை விட்டால் அது அடியில் போய் மேகம் மாதிரி மேலே எழும். கிளறக் கூடாது. முதலில் க்ரீம், நடுவில் கசப்பு, கடைசியில் இனிப்பு என்று மூன்றாகக் குடிக்க வேண்டும். மூன்று கோப்பைக்குக் குறைந்தால் மரியாதை இல்லை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். நான் தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டு ஐந்து கோப்பை குடித்தேன், இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

சரி, சைவத்துக்கு வருகிறேன். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ தெற்கே எங்கும் கிடைக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் பச்சை சாஸ்: ஏழு வகைக் கீரைகளை அரைத்த குளிர்ந்த சாஸ், கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை. வசந்த காலத்தில் சந்தையில் அந்த ஏழையும் ஒரே காகிதத்தில் சுருட்டியே விற்பார்கள். பயறு ஷ்பெட்ஸ்லெயைச் சாசேஜ் இல்லாமல் கேட்கலாம், ஆனால் பயறிலேயே பன்றிக்கொழுப்புத் துண்டு போடுகிற வழக்கம் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக ஒன்று. மேலே சாலட்டில் 'சூப்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேனே, அது மாட்டிறைச்சியும் எலும்பும் போட்டுக் கொதிக்கவைத்தது. நானும் உங்களைப் போல சைவம்தான். முதல் நான்கு மாதம் எனக்கு அது தெரியாது, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்து, தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்த அம்மாவுக்கு என்னைவிட அதிக வருத்தம். அடுத்த வாரமே கேரட், செலரி, லீக் போட்டு எனக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் சூப் வைத்தார். கிளறினார், குனிந்து காதை வைத்துக் கேட்டார். "சத்தம் அவ்வளவாக வரவில்லை, ஆனால் பரவாயில்லை" என்றார்.