ஊரணிக் கரையில் சமுதாயக் கூடம்: வேப்பமரத்தை வெட்டாமல் கட்ட முடியுமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர். ஊரணியை ஒட்டி 20 சென்ட் பொது இடம் இருக்கிறது. அதில் இரண்டு பெரிய வேம்பு, ஒரு புளி, ஒரு அரசமரம். ஊரார் பணம் போட்டுச் சமுதாயக் கூடம் கட்டப்போகிறோம். கான்ட்ராக்டர் 60க்கு 40 அடியில் ஒரே ஹால், மேலே கலர் ஷீட், சுற்றிலும் பேவர் பிளாக் என்று பிளான் கொடுத்திருக்கிறார். வேம்பு இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். மரத்தை விட்டுவிட்டுக் கட்ட முடியுமா? செலவு எகிறிவிடுமா? சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியுமா?

பதில்: முடியும். செலவு எகிறாது, பெரும்பாலும் குறையும். சித்திரையில் உட்காரும் விஷயத்தில், அந்த வேம்பு இரண்டும் இருந்தால்தான் முடியும். அவற்றை வெட்டிவிட்டுக் கலர் ஷீட் போட்டீர்கள் என்றால் பகல் 11 மணிக்கு மேல் அந்த ஹாலில் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிடும்.

ஆனால் மரத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 20 சென்ட் வருவாய்த்துறைக் கணக்கில் என்னவென்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதிய கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) கேளுங்கள். கிராம நத்தம், அதாவது குடியிருப்புக்கான நிலம் என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஊரணிப் புறம்போக்கு, அதாவது ஊரணிக்கென்றே ஒதுக்கிய அரசு நிலம் என்று இருந்தால் அங்கே எதையும் கட்டாதீர்கள், ஊரே ஒன்றுகூடித் தீர்மானம் போட்டாலும் செல்லாது. பஞ்சாபில் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய ஜக்பால் சிங் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், குளம் உள்ளிட்ட கிராமப் பொது நிலங்களில் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அந்த இடத்தின் வழியாக வருகிறதா என்பதையும் ஒரு நல்ல மழையன்று நேரில் நின்று பார்த்துவிடுங்கள். வரத்துக்காலை அடைத்தால் ஊரணியும் போகும், கூடத்துக்குள் தண்ணீரும் வரும்.

சரி, இப்போது கட்டடத்துக்கு வருவோம். உங்கள் மரங்களுக்கு எமன் அந்த 40 அடி அகலம்தான். நடுவில் தூண் இல்லாமல் 40 அடியைத் தாண்ட வேண்டும் என்றால் கனமான உத்திரமோ பெரிய இரும்பு டிரஸ்ஸோ (முக்கோணமாகப் பின்னிய கூரைச் சட்டம்) போட்டாக வேண்டும், அதைத் தாங்க அஸ்திவாரமும் பெரிதாக வேண்டும். உத்திரம் தாண்டும் தூரம் இரண்டு மடங்கானால், அடிக்கு அதே பாரம் என்றால் அதன் மேல் வரும் வளைவு விசை நான்கு மடங்காகும். அதனால் 40 அடியை 20 அடியாகக் குறைத்தால் அது கால்வாசிக்கு இறங்கிவிடும். இரும்பும் சிமென்ட்டும் அங்கேதான் மிச்சமாகின்றன. கான்ட்ராக்டரிடம் பேரம் பேசிக் கிடைக்கும் தள்ளுபடி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்தது, அந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கல்யாணத்துக்கு இப்போது பெரும்பாலும் டவுன் மண்டபத்துக்குத்தான் போகிறோம். ஊரில் நடப்பது காதுகுத்து, சடங்கு, நிச்சயம், திருவிழாச் சாப்பாடு. அதுவும் வருடத்தில் எத்தனை நாள்? மீதி நாளெல்லாம் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், மகளிர் குழுக் கூட்டம், எப்போதாவது மருத்துவ முகாம், பகல் முழுக்கப் பெரியவர்கள் சாய்ந்து உட்கார ஒரு நிழல். இந்த மீதி நாளுக்குத்தான் நீங்கள் கட்ட வேண்டும். 2400 சதுர அடி மூடிய ஹால் என்றால் விசேஷம் இல்லாத நாளில் அதற்குப் பூட்டுதான் தொங்கும். பூட்டிய கட்டடத்தில் வெளவால் மட்டும்தான் இருக்கும்.

நான் சொல்வது இது: நடுவில் 20க்கு 40 அடியில் ஒரு கூடம். அதன் வடக்கிலும் தெற்கிலும் நீளம் முழுக்க 12 அடி அகலத் தாழ்வாரம். மொத்தம் 1760 சதுர அடி. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே சுவருக்குப் பதில் முழுதாக மடித்துத் திறக்கும் கதவுகள். சாதாரண நாளில் தாழ்வாரம் மட்டும் திறந்தே கிடக்கும், பூட்டு கூடத்துக்கு மட்டும். விசேஷ நாளில் கதவுகளைத் திறந்துவிட்டால் 44 அடி அகல இடம் கிடைக்கும், போதாவிட்டால் இரண்டு வேம்புக்கும் நடுவே பந்தல் போட்டுக்கொள்ளலாம்.

தரை மட்டத்தை ஒன்றரை அடி உயர்த்துங்கள் (ஊரணி நிரம்பி மறுகால் போகும் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தாழ்வாக இருந்தால் அதற்கேற்ப உயரம் கூடும்). ஒன்றரை அடி என்பது மனிதர் கால் தொங்கவிட்டு உட்காரும் உயரம். அதாவது கட்டடத்தைச் சுற்றியுள்ள 168 அடி விளிம்பும் தனிச் செலவில்லாமல் திண்ணையாகிவிடுகிறது. விளிம்புக்குக் கருங்கல் பலகை போடுங்கள், சிமென்ட் முனை உடைந்துகொண்டே இருக்கும். சக்கர நாற்காலி ஏற, 12 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இதை முதல் பிளானிலேயே வரையுங்கள். பின்னால் சேர்க்கிறோம் என்று சொன்ன இடங்களில் அது ஏற முடியாத செங்குத்தாகத்தான் வந்து சேர்கிறது.

நீளவாக்கு ஏன் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும்? உங்கள் ஊர் ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும்; ஆனி மாதத்தில் 13 டிகிரி வடக்கே போய்விடும். தாழ்வாரக் கூரையின் ஓரம் 8 அடி உயரத்தில் இருந்தால் மார்கழி நண்பகல் வெயிலும் ஐந்தேகால் அடிக்கு மேல் உள்ளே வராது, கூடத்தைத் தொடவே தொடாது. தடுக்க முடியாதது மேற்கு வெயில், அது சாய்ந்து நேராக அடிக்கும். அதனால் மேற்கு முனையில் ஜன்னல் வேண்டாம். பாத்திரம், நாற்காலி வைக்கும் அறையை அங்கே கொண்டுபோங்கள். அந்த அறை வெயிலை வாங்கிக்கொள்ளும்.

இனி மரம். வேம்பின் அடிமரத்தை நெஞ்சு உயரத்தில் ஒரு கயிற்றால் சுற்றி அளந்துபாருங்கள். சுற்றளவு 6 அடி என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு 23 அங்குலம். மர வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வரை வேரைத் தொடக் கூடாது. உங்கள் வேம்புக்கு அது 23 அடி. அதே கயிற்றை 23 அடிக்கு நீட்டி, மரத்தை நடுவாக வைத்துச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுங்கள். நான்கு மரத்துக்கும் போட்டு முடித்ததும் கட்டடம் எங்கே உட்காரும் என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதன் பிறகுதான் பிளானை வரைய வேண்டும். வட்டத்துக்குள் தொடர் கடைக்கால் தோண்டவே கூடாது. தாழ்வாரத் தூண் ஒன்றிரண்டு வட்டத்தின் ஓரத்தில் வந்துதான் ஆகும் என்றால் பொக்லைன் வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கையால் குழி எடுக்கச் சொல்லுங்கள். கை கனத்துக்கு ஒரு வேர் தென்பட்டால் குழியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். தூண்களை இணைக்கும் பீமும் மண்ணுக்கு மேலேயே ஓடட்டும்.

அரசமரம் மட்டும் வேறு கதை. அதன் வேர் கட்டுமானத்தின் சின்ன விரிசலிலும் புகுந்துவிடும், பறவை போடும் எச்சத்திலிருந்து சுவரில் கன்றும் முளைக்கும். அதிலிருந்து 40 அடியாவது விலகியே கட்டுங்கள்.

மரத்தைச் சுற்றி மேடை கட்டுவது நம் ஊர்களில் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து அடிமரத்தை ஒட்டி மண் கொட்டி காங்கிரீட் மேடை போடாதீர்கள். நீரும் காற்றும் வாங்கும் வேர்களில் பெரும்பகுதி மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதை மூடினால் மரம் மூச்சுவிட முடியாமல் தவிக்கும். உடனே தெரியாது. சில வருடம் கழித்து உச்சிக்கிளை காய ஆரம்பிக்கும், அப்போது யாரும் மேடையை நினைத்துப் பார்க்க மாட்டார்கள், மரத்துக்கு வயதாகிவிட்டது என்பார்கள். உட்கார வேண்டுமானால் மரத்திலிருந்து நான்கடி தள்ளிக் கல் பலகைகளைப் போடுங்கள். பேவர் பிளாக் விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். அது மழைநீரை இறக்காது, வெயிலில் சுட்டுக் கூடத்துக்குள் அனலைத் தள்ளும். செம்மண் சரளையைக் கொட்டித் திமிசு போட்டாலே போதும். நடைபாதைக்கு மட்டும் இடைவெளி விட்டுக் கல் பதியுங்கள்.

இப்படி மரத்துக்கு ஒதுங்கிக் கட்டுவது புதிதல்ல. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் போய்ப் பாருங்கள். சரிவையும் மரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு சுவர்களை வளைத்துக் கொண்டுபோயிருப்பார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டும் உங்களுக்கு உதவும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவது அது. இரண்டு கல்லுக்கும் நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விட்டு, ஒவ்வொரு வரிசையிலும் இடையிடையே குறுக்குக் கல் வைத்துப் பூட்டுவார்கள். 9 அங்குலச் சுவருக்குக் கால்வாசிக் கல் மிச்சம், வெப்பமும் உள்ளே வரத் தாமதமாகும். ஒரே அளவான சேம்பர் செங்கல் வேண்டும், பழகிய கொத்தனார் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் செம்புறாங்கல் கிடைத்தால் அதிலேயே கட்டலாம். தாழ்வாரத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பக்கத்திலேயே இருக்கிறது: கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்ட்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்வது. வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, ஆள் நடமாட்டம் கூடக்கூட மினுங்கும்.

கூரைக்கு முதல் கேள்வி, குரங்கு வருமா? வராது என்றால் இரும்புச் சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு, அதன் அடியில் சீலிங் ஓடு. தாழ்வாரக் கூரை சேரும் இடத்துக்கு மேலே இரண்டடிக்கு ஜாலி (துளை விட்ட சுவர்) விட்டுவிட்டுக் கூடத்தின் கூரையை ஏற்றுங்கள், சூடான காற்று அந்த வழியாகப் போய்விடும். குரங்குத் தொல்லை உள்ள ஊர் என்றால் ஓடு தங்காது. கூடத்துக்கு ஓடுகளைக் காங்கிரீட்டுக்கு நடுவில் வைத்து வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப் தளம் போடலாம். ஷீட்தான் என்று ஊர் முடிவெடுத்தால் அதற்கும் வழி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் காண்டோ என்ற கிராமத்தில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே 2001-ல் ஒரு பள்ளி கட்டினார். வகுப்புக்கு மேலே மண் கல் அடுக்கிய உள்தளம், அதற்கு மேலே நல்ல இடைவெளி விட்டு இரும்புக் கம்பிச் சட்டத்தில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. தகரம் சுட்டாலும் நடுவில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அவருடைய சொந்த ஊர் அது, கட்டியதும் ஊர்க்காரர்கள். 2022-ல் அவருக்குக் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. ஒற்றை ஷீட்டுக்குக் கீழே மட்டும் ஆட்களை உட்கார வைக்காதீர்கள். மழை பெய்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது.

கீற்று அழகுதான், குளிர்ச்சிதான். ஆனால் விசேஷத்துக்குச் சமைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கும்பகோணத்தில் 2004-ல் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளை நாம் இழந்திருக்கிறோம். சமையல் கொட்டகையைத் தனியாக, கூடத்திலிருந்து தள்ளி, மரக்கிளை மேலே வராத இடத்தில் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 163 சதுர மீட்டர். வருடத்துக்கு 900 மி.மீ. மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் சுமார் 1,17,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு மற்றதை ஊரணிக்கு அனுப்புங்கள். கூரைகளுக்கு இடையே மறைவான நீர்த்தாரை வைக்காதீர்கள், மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலை அதை அடைத்துவிடும். ஓரத்தில் சொட்டவிட்டு, கீழே சரளைக்கல் வாய்க்காலில் பிடிப்பதே நல்லது. கழிப்பறையின் உறிஞ்சுகுழி ஊரணியிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். பெண்கள் தயங்காமல் போகும்படி வெளிச்சமான, ஆள் கண்ணில் படும் பாதையில் அது அமைய வேண்டும். பின்பக்க மூலையில் ஒளித்து வைத்தால் யாரும் போக மாட்டார்கள்.

அரசு நிதியும் இதில் கலக்கிறது என்றால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரை இப்போதே அழைத்துச் சுண்ணாம்பு வட்டங்களைக் காட்டிப் பேசிவிடுங்கள், டெண்டர் போன பிறகு எதையும் மாற்ற முடியாது. அப்புறம், ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் சவுக்குக் கம்பு வேலி, வேலிக்குள் ஜல்லி, கம்பி எதையும் குவிக்கக் கூடாது, கலவை இயந்திரம் கழுவிய சிமென்ட் தண்ணீரை மரத்தடியில் கொட்டக் கூடாது. மரம் ஏதாவது பட்டுப்போனால் கடைசித் தவணையில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் தொகை போட்டே எழுதுங்கள்.