வெள்ளையணு 62,000 இருந்தும் காய்ச்சல் ஏன் விடவில்லை?

கேள்வி: என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 59 வயது. ஒரு மாதமாகச் சோர்வு, பல் ஈறில் ரத்தக் கசிவு, விட்டு விட்டுக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8, வெள்ளையணு 62,000, பிளேட்லெட் 18,000. 'அக்யூட் மைலாய்டு லுக்கேமியா' என்கிறார்கள். வெள்ளையணு இவ்வளவு இருந்தும் காய்ச்சல் ஏன்? ஈரல், பீட்ரூட் கொடுத்து ரத்தத்தை ஏற்றி, அடுத்த மாதம் மணிவிழாவை முடித்துவிட்டுச் சிகிச்சைக்குப் போகலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. இந்த எண்களோடு வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. மதுரையோ திருச்சியோ, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் இன்றே சேருங்கள்.

அந்த 62,000-இல் பெரும்பகுதி 'பிளாஸ்ட்' எனப்படும் முதிராத அணுக்களாகத்தான் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் ஓர் அணுவின் மரபணு பழுதாகி, அதன் வாரிசுகள் வளர்ச்சி முடியாமலே பெருகிவிட்டன. எண்ணிக்கை உண்டு, கிருமியோடு போராடும் திறன் இல்லை. அதனால்தான் காய்ச்சல். இவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து சோர்வு வருகிறது. பிளேட்லெட் குறைந்து ஈறு கசிகிறது. பிளேட்லெட் குறைந்தபட்சம் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். 18,000 என்றால் மூளையில் கூட ரத்தம் கசியலாம். ஊசியைத் தசையில் போடவிடாதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம்.

ஈரல் இரும்புச்சத்துக் குறைவுக்குச் சரி, பீட்ரூட்டில் இரும்பு குறைவுதான். இங்கே குறை இரும்பில் இல்லை, மஜ்ஜையில் இருக்கிறது.

உறவினர்கள் 'எத்தனையாவது ஸ்டேஜ்?' என்று கேட்டே தீருவார்கள். மற்ற புற்றுநோய்களைப் போல் இதற்கு ஸ்டேஜ் கிடையாது. மஜ்ஜைப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும்தான் வழிகாட்டும். அதில் 'ஏபிஎல்' என்ற வகை தெரிந்தால் மருந்தே வேறு. முதல் சில நாட்கள்தான் கண்டம், தாண்டிவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மற்ற வகைகளில், உடல் தாங்கும் என்றால், சைட்டராபைன் 7 நாள், டானோரூபிசின் 3 நாள் என்பது வழக்கமான தொடக்கச் சிகிச்சை. தாங்காதவர்களுக்கு அசாசிடிடின், வெனிடோகிளாக்ஸ் சேர்த்துக் கொடுப்பார்கள். நோய் அடங்கினாலும் திரும்ப வரக்கூடியது என்பதால் தொடர் சிகிச்சை உண்டு. சிலருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தேவைப்படும்.

கீமோ தொடங்கினால் சில வாரங்கள் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக வெந்த உணவு மட்டும். பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்புவது நம் பக்கத்தில் சங்கடம்தான், ஆனாலும் அனுப்பிவிடுங்கள்.

இது தொற்றாது, பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

அப்புறம், ரத்தம் கொடுக்கப் பங்காளிகள் வரிசையில் நிற்பார்கள். பின்னால் மஜ்ஜை தானம் தர வாய்ப்புள்ள உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ரத்தத்தை மட்டும் இப்போது ஏற்ற வேண்டாம். அவர்கள் மஜ்ஜையை உடல் நிராகரிக்க அது வழி செய்துவிடலாம். சம்பந்தி வீட்டார், நண்பர்கள் கொடுக்கட்டும்.